சின்னம்மா வளர்த்த செவ்வரளி

எங்கள் சின்னம்மாவுக்கு ஒரு செடியைப் பூக்க வைக்கத் தெரியவில்லை என்று சொன்னால் கலஹாப் பக்கத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலை ஏறி இறங்கியவள். பட்டுப்போன கம்பை அவள் ஊன்றினாலும் துளிர்க்கும் என்று சித்தப்பா பெருமையடித்துக்கொள்வார். கல்யாணம் ஆன புதிதில் மனிதர் அப்படித்தான் எதையாவது சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அந்த ஒற்றைச் செவ்வரளி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அவள் மஹய்யாவ லயத்து வரிசை வீட்டுக்கு வந்தது, ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில். அப்பாவும் சித்தப்பாவும் கண்டித் தெருக்களைக் கூட்டுகிற வேலை. எங்கள் லயத்து ஆண்கள் எல்லாருக்கும், பெண்களில் பாதிப் பேருக்கும் அதே வேலைதான். விடியுமுன் விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வாய் மட்டும் பெரிய வகுப்பு படித்தது மாதிரி பேசும்.

அவள் வந்த முதல் பங்குனியில் அம்மன் கோயில் தேர்த் திருவிழா நடந்தது. தேர் போகும் தெருவை எங்கள் ஆட்கள்தான் கூட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், தீப்பந்தம் பிடித்தார்கள். கடைவீதிக்காரர்களும் உத்தியோகத்தர் வீட்டுப் பெண்களும் தாம்பாளத்தில் மாலை கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னம்மா இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்: நம்ம லயத்திலிருந்து ஏன் ஒரு மாலைகூடப் போகவில்லை? அவள் பிறந்த தோட்டத்து மாரியம்மனுக்குத் தோட்டத்து ஆட்கள்தானே பூப் பறித்து, கட்டி, தங்கள் கையாலேயே போடுவார்கள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து பார்வையை எடுக்காமல், "நம்மகிட்ட ஏது பூ?" என்றாள்.

"இல்லன்னா வளத்துட்டாப் போச்சு" என்றாள் சின்னம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவின் முறம் அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாகப் போனது. எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. எங்களிடம் பூ இல்லை, அதனால் மாலை இல்லை. பூ வந்தால் மாலை வந்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாலை அம்மன் கழுத்தில் விழுவது ஒன்றே சின்னம்மாவின் ஆசையாக இருந்தது. அவளுக்கு ஆசையென்றால் எனக்கும் ஆசைதான்.

மேட்டுத் தெருவில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயாவின் வீடு இருந்தது. சின்னம்மா அங்கே முற்றம் கூட்டப் போவாள், நானும் ஒட்டிக்கொண்டு போவேன். முற்றத்து மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு செவ்வரளி, கிளை தெரியாமல் பூத்து நிற்கும். அந்த வீட்டம்மா அதை அலரி என்பார். ஊரிலிருந்து கொப்பாகக் கொண்டுவந்து வைத்ததாம். சின்னம்மா கேட்கத் தயங்கினாள், நான் கேட்டுவிட்டேன்.

"ஓம், ஒரு கொப்பு முறிச்சுக்கொண்டு போங்கோ" என்றார் அந்த அம்மா. "ஆனா பால் கையில பட்டா நல்லாக் கழுவ வேணும். பிள்ளையள் வாயில வைச்சிடப்படாது, அது நஞ்சு."

ஐயா சாய்மனைக் கதிரையில் படுத்தபடியே எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார். இது மத்தியதரைக் கடல் ஓரத்தில் காய்ந்த ஆற்றுப் படுகைகளில் தானாக வளர்கிற செடியாம். வெயில் குடித்து வளருமாம். கண்டி மழைக்கு இது சரிவராது, வீண் வேலை என்றார். அவர் வீட்டு முற்றத்திலேயே அது பூத்துக் கொட்டுவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா வேலையிடத்திலிருந்து ஒரு பழைய தார்ப் பீப்பாயைக் கேட்டு வாங்கி, பாதியாக வெட்டி உருட்டிக்கொண்டு வந்தார். அடியில் ஓட்டை போட்டு, உடைந்த செங்கல் பரப்பி, மேலே ஆற்று மணலும் சாணி எருவும் கலந்து நிரப்பினாள் சின்னம்மா. கொப்பு வேர்பிடித்துவிட்டது. லயத்தில் முழு நாளும் வெயில் விழுகிற இடம் பைப்படிக்கு மேலே இருந்த கல்கட்டு ஒன்றுதான். அங்கே பீப்பாயை ஏற்றி வைத்தார்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி மீன் கழுவின தண்ணீர் ஊற்று என்றாள், இன்னொருத்தி தேயிலைச் சக்கை போடு என்றாள். இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் அப்பிக்கொண்ட பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, மேலே அடுப்புச் சாம்பல் தூவினோம். மூக்கில் சாம்பல் ஏறி நான் தும்மிக்கொண்டே திரிந்தேன்.

செடி வளர்ந்தது. வளர்ந்த அழகைச் சொல்லி மாளாது. அடர்த்தியாக, கரும்பச்சையாக, மேலே பலகையால் தேய்த்து விட்டது போல ஒரே மட்டமாக நின்றது. பூ மட்டும் இல்லை. அடுத்த பங்குனியும் வந்து போனது. தேர் போனது. எங்கள் செடியில் பேருக்கு ஒரு மொட்டுகூட இல்லை.

சின்னம்மா விடுகிற ஆள் இல்லை. எருவை மாற்றினாள், மண்ணைக் கிளறினாள், வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். மேட்டுத் தெரு வீட்டம்மாவிடம் போய், உங்கள் செடிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். "எங்கட அலரிக்கு நாங்கள் ஒண்டும் செய்யிறேல்லை" என்று அவர் சொன்னதை அவள் நம்பவே இல்லை. ஒன்றும் செய்யாமல் எந்தச் செடி பூக்கும்? ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அம்மா ஒரு நாள், விட்டுத் தொலை தங்கச்சி, நமக்கு எதுக்கு இந்த வம்பு என்றாள். செடியில் நஞ்சு இருப்பதைத்தான் அம்மா சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு கடைசியில் சின்னம்மாவின் அக்காவுக்குப் பிள்ளைப்பேறு என்று கலஹாவிலிருந்து ஆள் வந்தது. போகும்போது செடியை என் பொறுப்பில் விட்டாள். தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும், பூச்சி வந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: சாயங்காலம் மறக்காமல் நுனிக் கொழுந்தையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். அவள் தினமும் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பைப்படிக்குப் போகும்போதும் வரும்போதும், யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போதும்கூட, கை தன்பாட்டில் போய் நுனியைக் கிள்ளிவிட்டு வரும். தேயிலையைக் கிள்ளக் கிள்ளத்தான் செடி படரும், விட்டால் மரமாகிவிடும். தோட்டத்தில் பிறந்த கைக்கு ஒரு இளம் நுனியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

நான் ஒரே நாள்தான் கிள்ளினேன். பால் விரலில் பட்டு, அந்த விரலால் கன்னத்தைச் சொறிந்து, முகமெல்லாம் தடித்துப்போயிற்று. அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே கத்தினாள். இனி அந்தச் செடியின் கிட்டப் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்றாள். அம்மா சொன்னால் செய்கிறவள். எட்டி நின்று தண்ணீர் ஊற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். செடி கட்டுப்பாடில்லாமல் தாறுமாறாக நீண்டது. அழகாக மட்டமாக நின்றது, சீவாத தலை போல ஆகிவிட்டது. 

பேராதனை வழியாக வந்த பஸ்ஸில் இறங்கி, பையை வீட்டில்கூட வைக்காமல் அவள் நேரே கல்கட்டுக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.  பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பயந்து பயந்து போனேன். நீண்டு கிடந்த ஒவ்வொரு நுனியிலும் சிவப்புக் குருணை போல மொட்டுக் கொத்து. அவள் கல்லில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு நாளும் நாந்தான் பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டிருக்கேன்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பைப்படியில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டு ஏறி வந்து பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் செடிப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். மறந்து கை நீண்டால் தட்டிவிடுவது என் வேலை. அந்த வேலையை நான் தேவைக்கு மேலேயே செய்தேன்.

மொட்டு விரிகிற நேரம் பார்த்து, வழக்கமில்லாத நாளில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் மொட்டு அழுகிவிடும். சின்னம்மா வீட்டிலிருந்த ஒரே குடையை விரித்து, கம்பு நட்டு, செடிக்கு மேலே கட்டிவிட்டாள். சித்தப்பாவுக்குத் தோட்டத்துக் கொங்காணி கிடைத்தது. சாக்கை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வதுதான் கொங்காணி, மழையில் கொழுந்து பறிக்கிறவர்கள் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு அவர் தெருக் கூட்டப் போனார். செடிக்குக் குடை, புருஷனுக்குச் சாக்கா என்று லயமே கேலி செய்தது. சாக்குதான் சூடாக இருக்கிறது என்று அவர் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். சொன்னவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார்.

தேர்த் திருவிழாவன்று செடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அம்மனுக்கு எடுத்த பூவை முகர்ந்து பார்க்கக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. குளித்து, ஈரத் தலையோடு இருவரும் பறித்தோம். வாழை நாரில் அவள் கட்டினாள். இடையிடையே வேப்பிலை வைத்து, கை முழ நீளத்துக்கு அல்ல, அம்மனின் கழுத்திலிருந்து பாதம் வரை வருகிற மாதிரி நீளமாகக் கட்டினாள். அம்மா வாசலில் நின்று பார்த்தாளே தவிர ஒரு பூவைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. எங்களோடு வரவும் இல்லை. இரவல் தாம்பாளத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இது எங்கள் மாலை என்று சொன்னேன்.

கோயில் வாசலில் பண்டாரம் மாலைகளை வாங்கி வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் மாலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு நல்ல மாலை அது. கையை நீட்டிக்கொண்டே, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மஹய்யாவ, மேல் லயம் என்றாள் சின்னம்மா. நீட்டிய கை திரும்பிப் போய்த் துண்டைச் சரிசெய்தது.

"சூலத்துக்குச் சாத்துங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெளிமுற்றத்தில், செருப்புகள் கழற்றுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கல்லில் நட்ட சூலம் ஒன்று நின்றது.

"இது அம்மனுக்குக் கட்டினது" என்றாள் சின்னம்மா.

"சூலமும் அம்மன்தான்."

"அப்ப உள்ள இருக்கிறது யாரு?"

 அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவரின் தாம்பாளத்தை வாங்கத் திரும்பிக்கொண்டார். சின்னம்மா நகரவில்லை. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் ஆற்றில் கிடக்கிற கல் போல நடுவில் நின்றோம். கிளாக்கர் ஐயா வீட்டம்மா எங்களைப் பார்த்தார். நான் கையாட்டினேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். உள்ளே எட்டிப் பார்த்தால் அம்மன் கழுத்தில் அவர்களுடைய செவ்வரளி. எங்கள் செடியின் தாய்ச் செடிப் பூ. ஆனால் அங்கே இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் என்ன நிறம் என்றே சரியாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னம்மா திரும்பி நடந்தாள். சூலத்தடிக்கு வந்ததும் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். நான் என் கையாலேயே மாலையைப் போட்டேன். போட்டு முடித்த பிறகும் அவள் என்னை உடனே இறக்கவில்லை. அவள் பிடி இறுகிக்கொண்டே போனது. நான் கனத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. மற்ற மாலைகள் எல்லாம் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நசுங்கிக் கிடக்கின்றன. எங்களுடையது ஒன்றுதான் வெளியே, வெயிலில், எல்லாரும் பார்க்கத் தொங்குகிறது. உள்ளே ஐயர் மட்டும்தான் மாலை போடலாம். இங்கே நானே போட்டேன். வீட்டுக்கு ஓடி வந்ததும் வராததுமாகப் பைப்படியில் ஏறி நின்று கூவினேன். கோயிலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது எங்கள் மாலையைத்தான், கடைக்காரர்கள் மாலையையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டார்கள் என்றேன்.

 நிரம்பிய குடத்தை எடுக்காமல் ஒருத்தி நின்றாள், தண்ணீர் வழிந்து ஓடியது. அப்பா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் கை பட்ட பூ அம்மன்மேல் படக்கூடாது என்ற வழக்கம் லயத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நம்மிடம் ஏது பூ என்று அம்மா சொன்னதன் அர்த்தமும் அதுதான். கலஹாவிலிருந்து வந்த சின்னம்மாவுக்கும் அன்றைக்கே அது புரிந்திருக்கிறது. புரிந்துதான் செடி வைத்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளங்கிய அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அன்று அவர்கள் சும்மா இருந்ததை நான் பொறாமை என்று முடிவு செய்தேன். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று குனிந்தேன். அடிக்கவில்லை. அழுக்கே இல்லாத என் முகத்தை முந்தானையால் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் சின்னம்மா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கல்கட்டில் ஏறினாள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி, செடியைக் கீழே முட்டி அளவுக்கு வெட்டத் தொடங்கினாள். நான் அலறிக்கொண்டு ஓடினேன். அழாதே, இது திரும்ப வளரும் என்றாள். வெட்டிய கொப்புகளை அளவு பார்த்து நறுக்கி, கீழ் இலைகளைக் கழித்து, கட்டாகக் கட்டினாள். பிறகு லயத்தில் ஒரு வீடு விடாமல் போய், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கொப்பு வைத்தாள். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள். கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா ஒரு டின்னில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா குந்தி உட்கார்ந்து கொப்பை நட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"அடுத்த வருசமும் நம்மளுக்கு வெளியிலயே எடம் குடுப்பாங்களா சின்னம்மா?"

மண்ணிலிருந்த கை நின்றது. "குடுப்பாங்க" என்றாள். "நான் உள்ளதான் கேப்பேன். குடுக்கிற வரைக்கும் கேப்பேன்."

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெயிலில், எல்லாரும் பார்க்கிற நல்ல இடம் கிடைத்திருக்கும்போது, அந்த இருட்டுக்குள் போவதற்கு இவள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, கொப்பைச் சுற்றி மண்ணை அமுக்கினேன்.